ஞாயிற்றுக்கிழமை வாலிபாலும் பிள்ளைகளின் மனசும்

நீலகிரியில் சேரம்பாடிப் பக்கம் ஓர் எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீடுகளிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். அவரும் இரண்டு நண்பர்களும் ஞாயிறுதோறும் பிள்ளைகளைக் கூட்டி வாலிபால் விளையாட வைக்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் கொஞ்சம் பாடம், நிறைய அரட்டை. பதினைந்து பேர் வருகிறார்கள், அதில் நாலைந்து பேர் பத்தாவதோடு பள்ளியை விட்டவர்கள். ஒரு பையனின் முன்கையில் பிளேடு கீறல்களைப் பார்த்ததிலிருந்து இவருக்குத் தூக்கம் போய்விட்டது. "இந்த மாதிரி நிகழ்ச்சிகளால் பிள்ளைகளின் மனநலத்துக்கு நிஜமாகவே பயன் உண்டா அக்கா? இல்லை, எங்களுக்குத் தெரியாத வேலையில் கை வைக்கிறோமா?" என்று கேட்கிறார்.

இரண்டுக்குமே பதில் ஆமாம்தான், தம்பி. பயன் இருக்கிறது, தெரியாத வேலையில் கையும் வைத்திருக்கிறீர்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் இருபது வருடம் பிள்ளைகளோடு வேலை செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன், எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறோம். அந்தப் பையனைப் பற்றி முதலில் பேசிவிடலாம். மற்றது காத்திருக்கும்.

கூட்டத்தில் வைத்துக் கேட்காதீர்கள். வலையை அவிழ்க்க அவனை மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள். கை வேலையாக இருக்கும்போது, முகம் பார்க்காமல் பக்கத்தில் நின்று பேசுவது பையன்களுக்குச் சுலபம். "கையில காயம் பார்த்தேன். திட்டறதுக்காகக் கேக்கலடா. ரொம்பக் கஷ்டமா இருக்கா?" இவ்வளவு போதும், அப்புறம் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். உடனே பதில் வராது. கையைக் கீறிக்கொள்கிற எல்லாரும் சாக நினைப்பவர்கள் இல்லை. தாங்க முடியாததைத் தாங்க, தெரிந்த ஒரே வழியாக அதைச் செய்கிறவர்கள் நிறைய. ஆனாலும் எது என்று ஊகிக்காதீர்கள், நேராகவே கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதா?" கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று எல்லாருக்கும் பயம் உண்டு. அப்படி நடப்பதில்லை என்பதை ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பக் காட்டிவிட்டன. என் அனுபவத்தில், அந்தக் கேள்வியைக் கேட்டதும் பிள்ளையின் தோள் ஒரு அங்குலம் இறங்கும். யாரோ ஒருவர் அதை வாய்விட்டே கேட்டுவிட்டார் என்ற நிம்மதி அது.

'ஆமாம்' என்று சொன்னால் அவனைத் தனியே அனுப்பாதீர்கள். வீட்டில் அவன் நம்புகிற பெரியவர் யார் என்று அவனிடமே கேட்டு, அவரிடம் கூட்டிப் போங்கள். பூச்சிமருந்து, களைக்கொல்லி, மாத்திரைகள் எல்லாம் பூட்டுக்குள் போகட்டும், சாவி பெரியவர் கையில் இருக்கட்டும். 14416-ஐக் கூப்பிடுங்கள். அது 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி மானஸ் எண், இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. அன்றைக்கே ஆபத்து என்று தோன்றினால் போனோடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்கே போய்விடுங்கள். "போலீஸ் கேஸ் ஆகிடும்" என்று லைனில் யாராவது தடுப்பார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதப்பட வேண்டும், தண்டிக்கப்படக் கூடாது என்கிறது. இதைத் தைரியமாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்து கொடுத்துவிடாதீர்கள். "உன் உயிருக்கு ஆபத்துன்னா சொல்லியே ஆகணும், ஆனா உன்கிட்ட கேட்டுட்டுத்தான் யார்கிட்ட சொல்றதுன்னு முடிவு பண்ணுவேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பேச்சில் பாலியல் தொல்லை என்று ஏதாவது வந்தால் அது உங்கள் விருப்பத்துக்கு விட்ட விஷயம் இல்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் 2012 போக்சோ சட்டப்படி புகார் செய்தாக வேண்டும், குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐக் கூப்பிட்டால் வழி சொல்வார்கள்.

இனி உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன்.

திட்ட அறிக்கைகளில் 'இடர்நிலை இளையோர்' என்று எழுதுவார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் ஏதோ போதையில் கிடக்கிற பையன் கண்முன் வருவான். நம் மலையில் இடர் அப்படித் தெரிகிற மாதிரி வருவதில்லை, வீட்டுச் சுவரோடு சேர்ந்தே இருக்கிறது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்கள் வந்தன. டான்டீயோ தனியார் தோட்டமோ, லைன் வீடு வேலையோடு கட்டப்பட்டது. வேலை முடிந்தால் வீடும் போகும். அம்மாவுக்கு ஓய்வு வயது நெருங்க நெருங்க, பதினாறு வயதுப் பிள்ளையின் தலையில் "நான் தோட்டத்துக்குப் போகலேன்னா நாம எங்க இருப்போம்?" என்ற கணக்கு ஓட ஆரம்பிக்கும். அவன் வாயால் சொல்ல மாட்டான். வகுப்பில் தூங்குவான், தலைவலி என்பான், ஒரு நாள் திருப்பூருக்கு பஸ் ஏறிவிடுவான். பள்ளியில் அதற்கு 'இடைநிற்றல்' என்று பெயர். வீட்டில், "திமிரு".

பணியர், காட்டுநாயக்கர் என்ற ஆதிவாசிப் பிள்ளைகளுக்கு இதன் மேல் இன்னொரு மூட்டை. வீட்டில் ஒரு பாஷை, வகுப்பில் இன்னொன்று. முதல் வகுப்பிலேயே வாய் திறந்தால் சிரிக்கிறார்கள் என்று கற்றுக்கொண்ட பிள்ளை, பத்து வருடம் கழித்து மனநலக் கவுன்சிலர் முன்னால் உட்கார்ந்து எப்படிப் பேசும்? பேசாது. "ஒத்துழைப்பு இல்லை" என்று ஃபைலில் எழுதி மூடிவிடுவார்கள்.

இந்த மூட்டையை ஒரு வாலிபால் எப்படி இறக்கும் என்றால், இறக்காது. ஆனால் தூக்கிக்கொண்டு நடக்கிறவன் தனியாக நடக்க வேண்டியதில்லை.

தேவாலாவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவுக்கு ஒரு பையன் வந்துகொண்டிருந்தான். நாலு மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆடவும் இல்லை. கோட்டுக்கு வெளியே கல் மேல் உட்கார்ந்திருப்பான். என்னோடு வேலை செய்த தம்பி ஒரு நாள் பந்துக்குக் காற்றடிக்கிற ஊசியை அவனிடம் கொடுத்து, "இது தொலைஞ்சா கூடலூர் போகணும்டா, நீயே வச்சுக்க" என்றார். திட்டம் போட்டெல்லாம் கொடுக்கவில்லை, அவருடைய பாக்கெட்டில் ஓட்டை. அடுத்த வாரத்திலிருந்து பையன் எல்லாருக்கும் முன்னால் வந்து நிற்க ஆரம்பித்தான். ஒரு ஞாயிறு அவன் வரவில்லை, அவன் தங்கச்சி வந்தாள். கையில் ஒரு தீப்பெட்டி, அதற்குள் பஞ்சு வைத்து அந்த ஊசி. "அண்ணன் குடுக்கச் சொல்லிச்சு. இல்லன்னா உங்களால ஆட முடியாதாம்." முந்தின ராத்திரி அப்பா குடித்துவிட்டு வந்து அவனை அடித்திருந்தார், எழுந்து நடக்க முடியவில்லை. அன்றைக்குத்தான் நாங்கள் முதல் முறையாக அந்த வீட்டுக்குப் போனோம்.

ஊசி அவனைக் குணப்படுத்தவில்லை. ஆனால் அந்த ஊசி இல்லாவிட்டால் அவன் வராததை நாங்கள் கவனித்திருக்க மாட்டோம், அவனும் சொல்லி அனுப்பியிருக்க மாட்டான். இளைஞர் நிகழ்ச்சி மனநலத்துக்குச் செய்கிற முதல் உதவி என்று நான் நினைப்பது இதைத்தான். பிள்ளை இல்லாவிட்டால் ஏதோ ஒன்று நின்றுபோகிற மாதிரி ஓர் இடம், வராவிட்டால் தேடுகிற ஓர் ஆள்.

இது என் அனுபவம் மட்டும் இல்லை. பீகாரில் நாலந்தா மாவட்ட அரசுப் பள்ளிகளில் சேஹர் என்ற பெயரில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது, முடிவுகள் 2018-ல் வந்தன. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். சுவர்ப் பத்திரிகை, மனசில் இருப்பதை எழுதிப் போட ஒரு பெட்டி, மாதம் ஒரு தலைப்பில் பேச்சு, தேவைப்பட்டவர்களுக்குத் தனியாக ஆலோசனை. ஒரே திட்டம்தான். சில பள்ளிகளில் அதை அங்கேயே வேலை செய்யும் ஆசிரியர்கள் நடத்தினார்கள். மற்ற சிலவற்றில் பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள் நடத்தினார்கள், மனநலப் படிப்பு படித்தவர்கள் இல்லை. அந்த ஆட்கள் நடத்திய இடங்களில் பள்ளிச் சூழல் நன்றாகவே மாறியது, மனச்சோர்வும் ஒருவரையொருவர் சீண்டுவதும் அடிப்பதும் குறைந்தன. ஆசிரியர்கள் நடத்திய இடங்களில் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆசிரியர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. மதிப்பெண் போடுகிறவரும் பெற்றோரைக் கூப்பிடுகிறவரும் அவரே என்றால், பிள்ளை அந்தப் பெட்டியில் எதை எழுதும்?

ஐரோப்பாவில் பத்து நாடுகளில் 168 பள்ளிகளில் செய்த இன்னோர் ஆய்வு 2015-ல் வெளியானது. ஆபத்தில் இருக்கிற பிள்ளையை அடையாளம் காண ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பெரிய பலன் இல்லை. பிள்ளைகளையே உட்கார வைத்து, நாடகம் மாதிரி நடித்துப் பார்த்து, சண்டை, காதல், சாவு என்று அவர்கள் மொழியிலேயே பேசவிட்ட பள்ளிகளில் அடுத்த ஒரு வருடத்துக்குள் தற்கொலை முயற்சிகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. மாறாக பிரிட்டனில் 85 பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வகுப்பிலேயே மூச்சைக் கவனிக்கும் தியானப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான வகுப்பைவிட அது ஒன்றும் மேலாக இல்லை என்று 2022-ல் தெரிந்தது. நிறைய பிள்ளைகள் வீட்டில் அதைச் செய்யவே இல்லையாம். நம் பிள்ளைகள் மட்டும் என்ன, செய்துவிடுமா?

ஆகவே எந்தப் பயிற்சி என்பதைவிட யார் நடத்துகிறார்கள், பிள்ளைகளுக்கு அதில் என்ன பங்கு என்பதில்தான் காரியம் இருக்கிறது. ஒன்றை மறக்காதீர்கள். பீகாரில் வேலை செய்தவர்கள் படிப்பாளிகள் இல்லாவிட்டாலும் அவர்களுக்குப் பயிற்சி இருந்தது, மேலே கேட்டுக்கொள்ள ஆள் இருந்தது. உங்களுக்கு இப்போது அது இல்லை. மாவட்ட மனநலத் திட்டத்து மருத்துவர் உங்கள் தாலுகா ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று விசாரித்து வையுங்கள். ஒரு தடவை நேரில் போய், "நாங்க இந்த லைன்ல இப்படி ஒரு குழு நடத்தறோம்" என்று முகம் காட்டிவிட்டு வாருங்கள். ஊட்டியில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது, ஆனால் கூடலூரிலிருந்தே ஐம்பது கிலோமீட்டர். சேரம்பாடியிலிருந்து போய்வர ஒரு முழு நாள், ஒரு நாள் சம்பளம். முதல் தடவை யாராவது கூடப் போனால்தான் இரண்டாம் தடவை போவார்கள். நான் பார்த்தவரை, மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறவர்களில் நிறைய பேர் நோயால் நிறுத்துவதில்லை, பஸ்ஸால் நிறுத்துகிறார்கள்.

நான் பார்த்த கெடுதலையும் சொல்ல வேண்டும். ஒரு முறை வெளியூரிலிருந்து ஒரு குழு ஒரு நாள் முகாம் நடத்த வந்தது, பெயர் வேண்டாம். நல்ல எண்ணம்தான். மத்தியானம் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, "உங்க வாழ்க்கையில ரொம்ப வலிச்ச விஷயத்தை எழுதுங்க, எழுதி இந்த நெருப்புல போடுங்க, வலி போயிடும்" என்றார்கள். ஒரு பெண் எழுத ஆரம்பித்து, அழ ஆரம்பித்து, நிறுத்தவே முடியவில்லை. நாலு மணிக்கு வேன் கிளம்பிவிட்டது. அவள் மூன்று வாரம் பள்ளிக்குப் போகவில்லை. திறந்துவிட்ட புண்ணுக்கு மருந்து போட அடுத்த ஞாயிறு அங்கே யாரும் இல்லை. வட்டமாக உட்கார வைத்து மனசைத் திறக்கச் சொல்கிற எதையும் நீங்கள் செய்யாதீர்கள். பிள்ளைகள் அவர்களாகப் பேசுவார்கள், பெரும்பாலும் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்புகிற நேரத்தில்.

அடுத்து, நீங்கள் கேட்காத ஒன்று. பதினைந்து பேர் ஞாயிறு தவறாமல் ஆடினால் ஒரு வருடத்தில் நல்ல டீம் ஆகிவிடும். பந்தலூரில் டோர்னமென்ட் என்பார்கள், யாராவது ஜெர்சி வாங்கித் தருவார்கள், கட்சிக்காரர் கோப்பை தருவார். அங்கேதான் கஷ்டம் ஆரம்பம். ஆறு பேர்தான் ஆட முடியும். அந்த ஆறில் கையைக் கீறிக்கொண்ட பையன் இருக்க மாட்டான், அவனுக்குத் தூக்கம் இல்லை, சர்வீஸ் போடும்போது கை நடுங்கும். யாருக்காக ஆரம்பித்தீர்களோ அவன்தான் முதலில் பெஞ்சுக்குப் போவான், பெஞ்சிலிருந்து வீட்டுக்கு, அப்புறம் வரவே மாட்டான். நான் இதை மூன்று இடத்தில் பார்த்துவிட்டேன். டோர்னமென்ட் போகவேண்டாம் என்று சொல்லவில்லை, ஜெயிப்பது பிள்ளைகளுக்குப் பெரிய மருந்துதான். ஞாயிறு ஆட்டம் வேறு, டீம் பயிற்சி வேறு கிழமை என்று இப்போதே பிரித்துவிடுங்கள். ஞாயிறு யார் வந்தாலும் ஆட்டம் உண்டு, மோசமாக ஆடுகிறவனுக்கும் முதல் சர்வீஸ் உண்டு.

பெண் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. பதினைந்து பேரில் எத்தனை பேர்? யாரும் இல்லை என்றே நினைக்கிறேன். ஞாயிறு அவர்களுக்குத் துணி துவைக்கிற நாள், விறகு, தண்ணீர், தம்பி தங்கை. வயதுக்கு வந்த பெண்ணை வாலிபால் கோட்டுக்கு அனுப்பாத வீடுகளில், தையல் மெஷின் ஒன்று வைத்தால் அனுப்புவார்கள். தைக்கக் கற்றுக்கொண்டே என்ன வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் அதை நடத்த ஒரு அக்கா வேண்டும், நீங்கள் நடத்தக் கூடாது. அங்கன்வாடியிலோ மகளிர் குழுவிலோ விசாரியுங்கள், ஓர் ஆள் கிடைப்பார்.

நேரம். ஐந்து மணிக்கு மேல் இழுக்காதீர்கள். நகரத்தில் எழுதிய கையேடுகள் 'மாலை நேர நிகழ்ச்சிகள்' என்று சொல்லும். அவர்களுக்கு ஆனை தெரியாது. ஒரு பிள்ளை உங்கள் கூட்டம் முடிந்து போகும்போது ஆனை துரத்தினால், அந்த ஒரு நாளோடு எல்லா அம்மாக்களும் கதவைச் சாத்திவிடுவார்கள், அதில் நியாயமும் உண்டு. தூரத்து லைன் பிள்ளைகளை நாலரைக்கே கூட்டமாகச் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.

இப்போது நான் மிகவும் நம்புகிற விஷயம். நிறைய பேர் இதை மனநல வேலை என்றே ஒத்துக்கொள்வதில்லை. காகித வேலையைச் சொல்கிறேன். பிள்ளைகளின் மனசை அழுத்துகிறதில் பாதி, நாளைக்கு என்ன ஆவோம் என்று தெரியாதது. பள்ளியை விட்ட உங்கள் நாலைந்து பேருக்கும் பத்தாவதைத் தனித்தேர்வராக எழுதலாம் என்பது தெரியுமா? வெல்டர், வயர்மேன் போன்ற சில ஐ.டி.ஐ. பிரிவுகளுக்கு எட்டாவது தேறியிருந்தாலே போதும் என்பது தெரியுமா? அரசுப் பள்ளியில் படித்து மேலே படிக்கப் போகிற பெண்களுக்குப் புதுமைப்பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வரும். நம் பக்கத்தில் இதற்கெல்லாம் குறுக்கே நிற்பது சாதிச் சான்றிதழ். தாயகம் திரும்பியவர் வீடுகளில் தாத்தா கொண்டுவந்த காகிதம் எங்கேயோ கரையான் அரித்திருக்கும், இல்லை பேர் ஒரு எழுத்து மாறியிருக்கும். ஒரு பையனுக்காகத் தாலுகா ஆபீசுக்கு ஏழு தடவை நடந்திருக்கிறேன். எட்டாம் தடவை கையில் சான்றிதழோடு வெளியே வந்து, டீக்கடையில் வடை சாப்பிடும்போது அவன், "அக்கா, இனிமே ராத்திரி தூங்கலாம்" என்றான். மாத்திரை வேண்டியவர்களுக்கு மாத்திரைதான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சான்றிதழ் வேண்டியவனுக்கு ஆலோசனை கொடுத்துக்கொண்டிருப்பதும் ஒரு வகையில் அவனை ஏமாற்றுவதுதான்.

கூடலூரில் ஆதிவாசிகளிடையே நடந்ததும் இதே பாதைதான். 1986-ல் தொடங்கிய அக்கார்ட் என்ற தொண்டு நிறுவனம் முதலில் எடுத்தது நில உரிமை. 1988-ல் கூடலூரில் ஆதிவாசிகள் நடத்திய பெரிய ஊர்வலத்தைப் பழைய ஆட்கள் இன்னும் பேசுவார்கள். ஆஸ்பத்திரி, பள்ளி எல்லாம் அதன் பிறகு வந்தவை. ஆதிவாசிப் பெண்களையே நர்ஸாகப் பயிற்சி கொடுத்து எடுத்தார்கள். தன் பாஷையில் "எங்கே வலிக்குது?" என்று கேட்கிற ஒருத்தி வெள்ளைச் சட்டையில் வந்து நிற்பதைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்குக் கிடைக்கிறதை எந்தப் பாடத்திட்டத்திலும் எழுத முடியாது. உங்கள் குழுவிலும் அடுத்து வருகிறவர்களை நடத்த, இதே பதினைந்து பேரில் இரண்டு பேரை இப்போதே மனசில் குறித்து வையுங்கள். நன்றாக ஆடுகிறவனைக் குறிக்காதீர்கள். சின்னப் பிள்ளை விழுந்தால் ஆட்டத்தை விட்டு ஓடுகிறவன் ஒருவன் இருப்பான், அவனைக் குறியுங்கள்.

உங்கள் தூக்கம் போனதாக எழுதியிருக்கிறீர்கள். அதையும் சின்னதாக எடுக்காதீர்கள். நீங்கள் மூன்று பேரும் மாதம் ஒரு முறை பிள்ளைகள் இல்லாமல் தனியாக உட்கார்ந்து, யாரைப் பற்றிப் பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுப் பேசுங்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் செய்திக்குப் பதில் சொல்கிற ஆளாக ஆகாதீர்கள். "ராத்திரி கஷ்டமா இருந்தா 14416, காலைல நான்" என்று சொல்லி, அந்த எண்ணை அவர்கள் போனில் உங்கள் கண் முன்னாலேயே பதிய வையுங்கள். அந்த எண்ணுக்கு நீங்களும் கூப்பிடலாம்.

ஜூன் வந்தால் உங்கள் பக்கம் மழை பிடித்துக்கொள்ளும், ஆடுகளம் ஆகஸ்ட் வரை சேறுதான். பெரும்பாலான குழுக்கள் அந்த மூன்று மாதத்தில்தான் செத்துப்போகின்றன. வேலையும் குறைந்து, வீட்டுக்குள்ளேயே அடைந்து, குடியும் சண்டையும் ஏறுகிற மாதங்களும் அவைதான். ஒரு கேரம் போர்டு வாங்குங்கள், பழையது என்றாலும் பரவாயில்லை. கோயில் திண்ணையோ யூனியன் ஆபீஸ் வராந்தாவோ ஒன்றை இப்போதே கேட்டு வையுங்கள். ஸ்ட்ரைக்கரை அந்தப் பையனிடம் கொடுத்து வைக்கலாம்.